பில்லிங் டேட்டாபேஸில் மறைந்திருக்கும் ஸ்டோர்டு ப்ரொசீஜரைக் கண்டுபிடித்துத் திருத்துவது: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பலகாரக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர்களில் பல, பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துக்கொண்டிருக்கின்றன. கணக்கு போடும் வேலை அதற்குள் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்புகளான ஸ்டோர்டு ப்ரொசீஜர்களில் நடக்கிறது. வரி விகிதம் மாறும்போது சாஃப்ட்வேர் கொடுத்தவர் தொழிலை விட்டிருப்பார், இல்லையென்றால் போனை எடுக்க மாட்டார். திருத்த உட்காருபவர் டேட்டாபேஸைத் திறந்தால் தேடும் ப்ரொசீஜர் கண்ணில் படாது.

லேபிள் ஒட்டிய முறுக்குப் பாக்கெட்டுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். இந்த மாற்றத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வேறு எந்தத் திருத்தமாக இருந்தாலும் வரிசை இதுதான்.

எஸ்க்யூஎல் கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறது. குவெரி விண்டோவில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடும் புள்ளியும் இருக்கும் இடங்களில் அப்படியே இருக்க வேண்டும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வர் கம்ப்யூட்டரில் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ. டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் இந்தக் கருவி இலவசம், எக்ஸ்பிரஸுடன் தானாக வராது, தனியாக நிறுவ வேண்டும்.

சிஸ்அட்மின் (சர்வரில் எல்லாம் செய்யும் முழு) உரிமை உள்ள லாகின். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பதால் மட்டும் எஸ்க்யூஎல் சர்வரில் அட்மின் ஆகிவிட முடியாது. 2008 பதிப்பிலிருந்து இப்படித்தான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாவிட்டால், முதலாளியின் சம்மதத்தோடு, கடை மூடிய பிறகு, சர்வீஸை ஒற்றைப் பயனர் நிலையில் (-m என்ற தொடக்க அளவுருவோடு) எழுப்பி உங்கள் விண்டோஸ் லாகினைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய முடியாது. எல்லா இணைப்பும் அறுந்துவிடும்.

கணக்குப்பிள்ளையிடமிருந்து ஐந்தாறு பழைய பில்கள். லேபிள் ஒட்டிய பாக்கெட், சில்லறையாக நிறுத்துக் கொடுத்த முறுக்கு, இனிப்பு, இவை கலந்த பில், திரும்பி வந்த சரக்குக்கான கிரெடிட் நோட் என எல்லா வகையும் இருக்கட்டும். திருத்தம் சரியா என்பதை இவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். புதிதாகச் செய்பவர்கள் இதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

சாஃப்ட்வேர் ஒப்பந்தத் தாள் இருந்தால் அதையும் வாங்கிப் படியுங்கள். ப்ரொசீஜரைத் தொட்டால் பராமரிப்பு கிடையாது என்று சிலர் எழுதியிருப்பார்கள். அந்த முடிவு முதலாளியுடையது.

2. பேக்கப், அதிலிருந்து ஒரு நகல்

தேடத் தொடங்கும் முன்பே பேக்கப் எடுங்கள். தேடும்போதே கை தவறி எஃப்5 அழுத்தி ஏதாவது ஓடிவிடுவது உண்டு.

பேக்கப் எடுக்கும் விண்டோவில் 'காப்பி ஒன்லி' என்பதை டிக் செய்யுங்கள். கடையில் வேறு யாராவது டிஃபரன்ஷியல் பேக்கப் (மாறியதை மட்டும் எடுப்பது) வைத்திருந்தால் அந்தச் சங்கிலி குலையாது.

டெஸ்க்டாப்பில் சேமிக்க முயன்றால் 'ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் 5' என்று வரும். பேக்கப்பை எழுதுவது நீங்கள் அல்ல, எஸ்க்யூஎல் சர்வர் சர்வீஸ். அதற்கு உங்கள் டெஸ்க்டாப்பில் நுழைய உரிமையில்லை. அது காட்டும் இயல்பு பேக்கப் ஃபோல்டரிலேயே எழுதிவிட்டுப் பிறகு பென் டிரைவுக்கு நகலெடுங்கள்.

அந்த பேக்கப்பை வேறு பெயரில், 'சோதனை' என்று வரும்படி, ரீஸ்டோர் செய்யுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரீஸ்டோர் விண்டோவின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் 'டெயில் லாக் பேக்கப்' என்ற கட்டமும், அதன் கீழே மூல டேட்டாபேஸை 'ரீஸ்டோரிங்' நிலையில் விடும் கட்டமும் டிக் ஆகியிருக்கலாம். அதோடு ஓகே கொடுத்தால் நகல் நன்றாக வந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த அசல் நின்றுவிடும். இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டுத்தான் ஓகே.

நகல் வந்ததும் அதிலிருந்து அசலுக்குப் போகும் வழிகளை அடைத்துவிடுங்கள். ப்ரொசீஜர்களுக்குள் அசல் டேட்டாபேஸின் பெயரையே முன்னால் போட்டு டேபிளை அழைத்திருந்தால், நகலில் ஓட்டும் சோதனை பில் அசலில் போய் எழுதும். 5-ஆம் படியில் வரும் தேடலை, அசல் டேட்டாபேஸின் பெயரை வைத்து நகலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சினானிம்களையும் (வேறு இடத்து டேபிளைச் சுட்டும் மாற்றுப்பெயர்கள்) சிஸ்.சினானிம்ஸ் என்ற வியூவில் பாருங்கள்.

3. நிற்கும் இடம் சரிதானா

'ப்ரொசீஜரைக் காணோம்' என்று சொல்பவர்களில் பலர் வேறு டேட்டாபேஸில் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இன்ஸ்டன்ஸ் (தனித்தனியாக ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்) இருக்கலாம்: ஒன்று பில்லிங்குக்கு, இன்னொன்று வருகைப்பதிவு மெஷினுக்கு. அதற்குள்ளும், பல உள்ளூர் சாஃப்ட்வேர்கள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புது டேட்டாபேஸ் உருவாக்கும். போன வருஷத்ததைத் திறந்து திருத்திவிட்டு, பில்லில் ஏன் மாறவில்லை என்று தலையைச் சொறிவது வழக்கமான காட்சி.

சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரில் கான்ஃபிக் அல்லது ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து, எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குவெரி விண்டோவில்:

செலக்ட் @@சர்வர்நேம், டிபி_நேம்()

வரும் விடை நீங்கள் குறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். புது விண்டோ திறக்கும்போதெல்லாம் இதை ஓட்டுங்கள். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ பல சமயம் உங்களை சர்வரின் சொந்த 'மாஸ்டர்' டேட்டாபேஸில் கொண்டுபோய் விட்டுவிடும்.

4. ஏன் தெரியவில்லை என்பதைப் பிரிப்பது

இந்த வேலையில் நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். மறைந்திருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காரணம் தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் 'டீக்ரிப்ட்' (பூட்டை உடைக்கும்) கருவியை இறக்கி ஓட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். எளிதாகத் தீர்ந்துவிடக்கூடியவை முன்னால் இருக்கின்றன.

ஃபில்டரும் ரிஃப்ரெஷும். ப்ரோக்ராமபிலிட்டி என்பதன் கீழ் ஸ்டோர்டு ப்ரொசீஜர்ஸ் ஃபோல்டரின் பெயருக்குப் பக்கத்தில் 'ஃபில்டர்டு' என்று இருந்தால், முன்பு யாரோ போட்ட வடிகட்டி இன்னும் இருக்கிறது. அதை நீக்குங்கள். அந்தப் பட்டியல் தானாகவும் புதுப்பித்துக்கொள்ளாது. ஃபோல்டர் மேல் நின்று எஃப்5.

ஸ்கீமா. டேபிள், ப்ரொசீஜர்களைப் பெயரிட்டுப் பிரித்து வைக்கும் பிரிவு இது. பட்டியல் ஸ்கீமா பெயரின் வரிசைப்படி அடுக்கப்படுகிறது. 'டிபிஓ' பகுதியில் தேடி இல்லையென்று விட்டுவிடாதீர்கள். வேறு ஸ்கீமாவில், பட்டியலின் அடியில் கிடக்கலாம்.

உரிமை. 2005 பதிப்பிலிருந்து, உரிமையில்லாத பொருள் பட்டியலிலேயே வராது. ஓட்டும் உரிமை மட்டும் இருந்தால் பெயர் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. இந்த நிலையிலும் ப்ரொசீஜரின் மேல் பூட்டுச் சின்னம் வரும், 'மாடிஃபை' மங்கிக் கிடக்கும். ஆகவே பூட்டைப் பார்த்ததும் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். வியூ டெஃபினிஷன் உரிமை கொடுத்தால் போதும், பூட்டு போய்விடும். சிஸ்அட்மின் லாகினில் வந்திருந்தால் இந்தக் காரணத்தை அப்படியே தாண்டிவிடலாம். முதல் படியில் அதைக் கேட்டது இதற்காகத்தான்.

சிஸ்டம் வேஷம். சில நிறுவனங்கள் தங்கள் ப்ரொசீஜரைச் சிஸ்டம் பொருள் என்று குறியிட்டுவிடுவார்கள். அப்போது அது வழக்கமான பட்டியலில் இல்லாமல் 'சிஸ்டம் ஸ்டோர்டு ப்ரொசீஜர்ஸ்' என்ற உள் ஃபோல்டருக்குப் போய்விடும். 'மைக்ரோசாஃப்ட்_டேட்டாபேஸ்_டூல்ஸ்_சப்போர்ட்' என்ற எக்ஸ்டெண்டட் ப்ராப்பர்ட்டியை (பொருளோடு சேர்க்கும் கூடுதல் குறிப்பு) ஒட்டினாலும் இதே விளைவுதான். அந்த ஃபோல்டரில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். கண்ணால் தேடாமல் குவெரியால் கேளுங்கள்:

செலக்ட் நேம், இஸ்_எம்எஸ்_ஷிப்ட், மாடிஃபை_டேட் ஃப்ரம் சிஸ்.ஆப்ஜெக்ட்ஸ் வேர் டைப் இன் ('பி', 'பிசி', 'எக்ஸ்')

இஸ்_எம்எஸ்_ஷிப்ட் 1 என்று இருந்து, பெயர் கடையின் வேலையோடு தொடர்புள்ளதாக இருந்தால் அதுதான் வேஷம் போட்டது. டைப் 'பிசி' என்று வந்தால் அதன் மூலக்குறியீடு (சோர்ஸ்) டேட்டாபேஸில் எஸ்க்யூஎல்லாக இல்லை. டிஎல்எல் என்ற நிரல் கோப்புக்குள் இருக்கிறது. அதைத் திருத்த டாட்நெட் மூலக்கோப்பு வேண்டும்.

மாஸ்டரில் இருப்பது. 'எஸ்பி_' என்று தொடங்கும் ப்ரொசீஜரை மாஸ்டரில் வைத்தால் எந்த டேட்டாபேஸிலிருந்தும் அழைக்கலாம். கடை டேட்டாபேஸில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மேலே உள்ள குவெரியை மாஸ்டரிலும் ஒருமுறை ஓட்டுங்கள்.

ப்ரொசீஜரே இல்லாதது. டேபிளோடு ஒட்டி, அதில் எழுதும்போது தானாக ஓடும் ட்ரிகர் வரியைப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஃபங்ஷனாகவும் இருக்கலாம். ராத்திரி ஓடும் வேலையாக இருந்தால், எக்ஸ்பிரஸ் பதிப்பில் வேலைகளை நேரப்படி ஓட்டும் ஏஜென்ட் கிடையாது என்பதால், விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக என்கிரிப்ஷன். உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்ய:

செலக்ட் ஆப்ஜெக்ட்ப்ராப்பர்ட்டி(ஆப்ஜெக்ட்_ஐடி('டிபிஓ.பில்சேவ்'), 'இஸ்என்கிரிப்டட்')

விடை 1 என்றால் பூட்டியதுதான். 'வித் என்கிரிப்ஷன்' என்பது உண்மையில் மூலத்தைக் குழப்பி வைப்பது, வலுவான பூட்டல்ல. ஆனாலும் உடைக்க முடியும் என்பதால் உடைக்கலாம் என்று ஆகிவிடாது. அதை எழுதியவர் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் பூட்டியிருக்கிறார். முதலில் அவரிடம் எழுத்தில் மூலத்தைக் கேளுங்கள். விலை சொன்னால் முதலாளி பேசட்டும். கிடைக்காவிட்டால், அதன் பாராமீட்டர்கள் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்புகள்) சிஸ்.பாராமீட்டர்ஸில் தெரியும், எந்த டேபிளில் என்ன எழுதுகிறது என்பதை நகலில் முன்னும் பின்னும் பார்த்து, அதே பாராமீட்டர்களோடு புதிதாக ஒன்று எழுதுவது நேர்மையான வழி. பில் போடும் ப்ரொசீஜர் ஸ்டாக், பாக்கி, பில் எண் மூன்றையும் தொடும் என்பதால் இதற்குப் பொறுமை வேண்டும்.

5. பெயர் தெரியாதபோது: உள்ளே இருப்பதைத் தேடுவது

செலக்ட் ஆப்ஜெக்ட்_நேம்(ஆப்ஜெக்ட்_ஐடி), டெஃபினிஷன் ஃப்ரம் சிஸ்.எஸ்க்யூஎல்_மாட்யூல்ஸ் வேர் டெஃபினிஷன் லைக் '%1.12%'

இந்த வியூவையே பயன்படுத்துங்கள். பழைய பதிவுகளில் சொல்லப்படும் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.ரொட்டீன்ஸ் முதல் 4000 எழுத்துகளை மட்டும் காட்டும். சிஸ்காமென்ட்ஸ் மூலத்தை 4000 எழுத்துத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். தேடும் சொல் வெட்டு விழுந்த இடத்தில் இருந்தால் அகப்படாது. பில் சேமிக்கும் ப்ரொசீஜர்கள் 4000 எழுத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

என்ன எண்ணைத் தேடுவது? 12 என்று தேடினால் பாதி டேட்டாபேஸ் வந்து நிற்கும். வரி பல உருவத்தில் எழுதப்பட்டிருக்கும்: 0.12, 1.12, 112 (வரி உள்ளடங்கிய விலையிலிருந்து பிரிக்க), 6, 6.00, 0.06 (மத்திய, மாநிலப் பங்கு தனித்தனியாக). ஒவ்வொன்றாகத் தேடிக் கிடைத்த பெயர்களையெல்லாம் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, பில் விவர டேபிளில் வரித்தொகை சேரும் நெடுவரிசையின் பெயரைத் தேடுவது. அதில் எழுதுகிற ப்ரொசீஜர் எதுவாக இருந்தாலும் சிக்கும்.

பெயரில் அடிக்கோடு இருந்தால் கவனம். லைக்கில் அடிக்கோடு என்பது 'ஏதாவது ஓர் எழுத்து' என்று பொருள்படும். அதைச் சதுர அடைப்புக்குள் போட்டால்தான் அடிக்கோடாகவே தேடும்.

தமிழில் எழுதிய சரக்குப் பெயரைத் தேடுவதானால், மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' (N) என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் 'தேன்குழல்' என்பது வெறும் கேள்விக்குறிகளாக மாறி, தேடல் எதையும் தராது.

தேடலில் எதுவும் சிக்கவில்லையா? மூலத்துக்குள்ளேயே குவெரியைத் துண்டு துண்டாக ஒட்டி ஓட்டியிருக்கலாம், அல்லது கணக்கு சாஃப்ட்வேரின் உள்ளேயே இருக்கலாம். அதற்கு அடுத்த படி.

6. பட்டனை அழுத்திப் பிடிப்பது

சாஃப்ட்வேரை நகல் டேட்டாபேஸோடு இணைத்து, ஒரு சோதனை பில் போட்டு, உடனே இதை ஓட்டுங்கள்:

செலக்ட் டாப் 20 ஆப்ஜெக்ட்_நேம்(ஆப்ஜெக்ட்_ஐடி, டேட்டாபேஸ்_ஐடி), லாஸ்ட்_எக்ஸிக்யூஷன்_டைம் ஃப்ரம் சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ப்ரொசீஜர்_ஸ்டாட்ஸ் ஆர்டர் பை லாஸ்ட்_எக்ஸிக்யூஷன்_டைம் டெஸ்க்

இப்போதுதான் ஓடிய ப்ரொசீஜர்கள், ஒன்றுக்குள் ஒன்று அழைத்தவை உட்பட, மேலே வந்து நிற்கும். எந்த டேட்டாபேஸ் என்று வடிகட்டாமல் கேட்பது வேண்டுமென்றே: மாஸ்டரில் ஒளிந்திருப்பதும் இதில் வந்துவிடும். 'வித் ரீகம்பைல்' போட்ட ப்ரொசீஜர் மட்டும் கேஷில் தங்காததால் இங்கே தெரியாது.

அதற்கு மேலும் வேண்டுமானால் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் உள்ள எக்ஸ்ஈவென்ட் ப்ரொஃபைலரைத் திறந்து பில் போடுங்கள். சாஃப்ட்வேர் எதை, என்னென்ன பாராமீட்டர்களோடு அழைத்தது என்பது அப்படியே வரும். அந்த வரியை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 9-ஆம் படியில் சோதனைக்கு அதுவே உதவும். வேலை முடிந்ததும் ப்ரொஃபைலரை நிறுத்துங்கள்.

7. மூலத்தை முழுதாக வெளியே எடுப்பது

ப்ரொசீஜர் மேல் வலது கிளிக், 'மாடிஃபை'. முடிந்தவரை இந்த வழியிலேயே எடுங்கள். மற்ற வழிகளில் என்ன நடக்கும் என்றால்:

க்ரிட்டில் வந்த டெஃபினிஷன் நெடுவரிசையை நகலெடுத்து ஒட்டினால், இயல்பு அமைப்பில் வரிமுறிவுகள் போய் எல்லாம் ஒரே வரியாகிவிடும். நடுவில் இரட்டைக் கோடு போட்ட குறிப்பு ஒன்று இருந்தால் போதும், அதற்குப் பிறகான முழு ப்ரொசீஜரும் குறிப்பாகிவிடும். பிழைச் செய்திகூட வராமல் போகலாம். டெக்ஸ்ட் முறையில் எடுத்தால் 256 எழுத்தோடு வெட்டிவிடும். எஸ்பி_ஹெல்ப்டெக்ஸ்ட் 255 எழுத்துக்கு ஒருமுறை வரியை முறிக்கும். நீளமான வரி ஒரு சொல்லின் நடுவில் உடையலாம்.

பெயர் மாற்றப்பட்ட ப்ரொசீஜர் இன்னொரு சிக்கல். எஸ்பி_ரீநேம் கொண்டு பெயர் மாற்றியிருந்தால், டெஃபினிஷனுக்குள் பழைய பெயரே இருக்கும். அதை எடுத்து ஓட்டினால் வேறு ப்ரொசீஜர் மேல் போய் விழும். முதல் வரியில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

வந்த மூலத்தைத் தொடும் முன், தேதியோடு ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். உள்ளே தமிழ் எழுத்து இருந்தால் 'சேவ் வித் என்கோடிங்' போய் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பின்வாங்க வேண்டிவந்தால் இந்த ஃபைல்தான் கைகொடுக்கும்.

8. திருத்துவது

12-ஐ அழித்து 5 என்று எழுதுவது திருத்தம் ஆகாது. செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்லை மறுபடி அச்சடித்தால் பழைய விகிதத்தில்தான் வர வேண்டும். முன்பு விற்ற பாக்கெட் பிறகு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டும் அசல் பில்லின் விகிதத்தில்தான். ஆகவே விகிதத்தைத் தனி டேபிளில், 'எந்தத் தேதியிலிருந்து' என்ற நெடுவரிசையோடு வைத்து, ப்ரொசீஜர் பில் தேதியைக் கொண்டு எடுக்கும்படி செய்யுங்கள். கிரெடிட் நோட் ப்ரொசீஜர் இன்றைய தேதியைக் கொண்டு எடுக்காமல், அசல் பில்லின் தேதியைக் கொண்டு எடுக்க வேண்டும். அடுத்த மாற்றத்துக்கு யாரும் ப்ரொசீஜரைத் திறக்கவே வேண்டியிருக்காது.

அடுத்தது, 12-இல் மறைந்திருந்து 5-இல் வெளியே வரும் பிழைகள். இவற்றைத் தேடிப் பார்க்காமல் விடாதீர்கள்.

ஐந்தை இரண்டால் வகுத்தால் எஸ்க்யூஎல் சர்வருக்கு விடை 2. இரண்டும் முழு எண் என்பதால் மிச்சத்தை எறிந்துவிடும். 12-ஐ வகுத்தபோது 6 சரியாக வந்ததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 5.0 / 2 என்று எழுதினால் 2.5 வரும்.

வேரியபிளை இன்ட் என்று அறிவித்திருந்தால் 2.5 உள்ளே போய் 2 ஆகும். அளவு குறிப்பிடாமல் வெறும் டெசிமல் என்று அறிவித்திருந்தால் தசம இடமே கிடையாது, 2.5 என்பது 3 ஆகிவிடும். இரண்டுக்கும் டெசிமல்(5,2) போடுங்கள். அந்த எண்ணைப் பெறும் டேபிள் நெடுவரிசையும், உள்ளே அழைக்கப்படும் ப்ரொசீஜரின் பாராமீட்டரும் இதே வகையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் அங்கே வெட்டிவிடும்.

ஒரு பைசா. வரி உட்பட ₹112 என்று விலை போட்ட பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அடக்கம் (வரி நீங்கிய விலை) 100, வரி 6 + 6, பிசிறே இல்லை. அதே ₹112-ஐ 1.05-ஆல் வகுத்தால் அடக்கம் 106.67, ஒவ்வொரு பங்கும் 2.67. மூன்றையும் கூட்டினால் 112.01. மத்திய, மாநிலப் பங்கு இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பதால், முதலில் ஒரு பங்கைக் கணக்கிட்டுச் சுற்றி, அதையே மற்றதற்கும் வைத்து, மொத்தத்திலிருந்து இரண்டையும் கழித்து அடக்கத்தை எடுங்கள்: 106.66. மொத்தம் சரியாக நிற்கும். (பாக்கெட் விலையைக் குறைப்பதா என்பது ப்ரொசீஜருக்குள் முடிவு செய்யும் விஷயம் அல்ல.)

சில்லறையாக நிறுத்து விற்ற முறுக்குக்கு முன்பே 5 சதவீதம்தான். அதற்கென்று தனி 'இஃப்' கிளை மூலத்தில் இருக்கும். இப்போது இரண்டும் ஒரே விகிதம் என்று அந்தக் கிளையை அழிக்காதீர்கள். பழைய பில் மறுஅச்சுக்கு அது வேண்டும்.

தமிழ்ச் சரக்குப் பெயர் உள்ள வரியைத் தொட்டால், முன்னால் உள்ள 'என்' எழுத்து அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதும் கட்டளை ஆல்டர் ப்ரொசீஜராகவே இருக்கட்டும். ட்ராப் செய்து க்ரியேட் செய்தால், அதன் மேல் கொடுத்திருந்த உரிமைகள் எல்லாம் போய்விடும். காலையில் கல்லாவில் 'பெர்மிஷன் டினைட்' என்று நிற்கும். சிஸ்டம் குறியும் சேர்ந்தே போகும். ஆனால் ஆல்டரிலும் 'வித் ரீகம்பைல்', 'எக்ஸிக்யூட் அஸ்' போன்றவை தானாகத் தொடராது. முன்பு இருந்தால் மறுபடி எழுத வேண்டும்.

ப்ரொசீஜர் முடிந்த இடத்தில் 'கோ' என்று தனி வரியில் போடுங்கள். இது இல்லாமல் கீழே சோதனைக்காக 'எக்ஸெக்' வரி எழுதி எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால், அந்த வரியும் ப்ரொசீஜரின் உடம்பாகிவிடும். பிறகு பில் போட்டால் அது தன்னையே அழைத்து, 32 அடுக்கு தாண்டி எரர் 217 வந்து நிற்கும்.

9. நகலில் ஓட்டிப் பார்ப்பது

ப்ரொஃபைலரில் பிடித்த அழைப்பு வரியை எடுத்து, கணக்குப்பிள்ளை கொடுத்த பில்களின் சரக்கை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஓட்டுங்கள். செப்டம்பர் 21 தேதியில் ஒன்று, 22 தேதியில் ஒன்று கட்டாயம். தேதி எல்லையில் 'பெரியது அல்லது சமம்' போட வேண்டிய இடத்தில் 'பெரியது' மட்டும் போட்டிருந்தால் இந்த இரண்டில்தான் தெரியும்.

'பிகின் ட்ரான்' போட்டு ஓட்டி 'ரோல்பேக்' செய்துவிடலாம் என்று அசலிலேயே சோதிக்கத் துணிபவர்கள் உண்டு. பில் எண், தானாக எண் கொடுக்கும் ஐடென்டிட்டியிலிருந்து வருகிறது என்றால், ரோல்பேக் செய்தாலும் எடுத்த எண் திரும்பாது; வரிசையில் ஓட்டை விழும். ஜிஎஸ்டி பில்லுக்கு நிதியாண்டு முழுவதும் தொடர் எண் வேண்டும். ஓட்டைக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கப்போவது கணக்குப்பிள்ளை. அதுவுமில்லாமல், ரோல்பேக் கொடுக்க மறந்து எழுந்து போனால் டேபிள் பூட்டிக்கிடக்கும், கல்லாவில் வரிசை நிற்கும்.

அச்சு வடிவத்தையும் பாருங்கள். 'சிஜிஎஸ்டி 6%' என்ற எழுத்து பில் டிசைனிலேயே அடித்து வைத்ததாக இருந்தால், தொகை சரியாக வந்தும் தாளில் தவறு நிற்கும். அது ப்ரொசீஜரில் இல்லை, ரிப்போர்ட் ஃபைலில்.

10. அசலில் ஏற்றுவது

கடை அடைத்த பிறகு. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆல்டர் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் பில் பழைய மூலத்திலும் அடுத்தது புதியதிலும் போகும். புதிதாக ஒரு பேக்கப் எடுங்கள். காலையில் எடுத்ததில் இன்றைய வியாபாரம் இருக்காது.

ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பாருங்கள். 'மாடிஃபை' கொடுத்து எடுத்த ஸ்கிரிப்டில் 'யூஸ் சோதனை' என்று நகலின் பெயர் உட்கார்ந்திருக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால், மேலே எந்த டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் நகல்தான் மறுபடி திருத்தப்படும். 'கமாண்ட் கம்ப்ளீட்டட்' என்று செய்தியும் வரும். மாறிவிட்டது என்று நம்பிப் போய்விடுவீர்கள்.

எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கட்டளை வரிக் கருவி வழியாக ஏற்றுவதானால் '-I' என்ற சுவிட்சைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கோட்டட் ஐடென்டிஃபையர் என்ற அமைப்பு அணைந்த நிலையில் ப்ரொசீஜர் சேமிக்கப்படும். ஃபில்டர்டு இண்டெக்ஸ் உள்ள டேபிளில் எழுதப் போகும்போது எரர் 1934 வரும். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

ஓட்டிய பின் சிஸ்.ஆப்ஜெக்ட்ஸில் மாடிஃபை_டேட் இப்போதைய நேரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டியும் பழைய மூலமே இருந்தால், டேட்டாபேஸ் அளவிலான டிடிஎல் ட்ரிகர் (அமைப்பு மாறும்போது தானாக ஓடுவது) ஏதாவது திருப்பி எழுதுகிறதா என்று சிஸ்.ட்ரிகர்ஸில் பேரண்ட்_கிளாஸ் 0 உள்ள வரிகளைத் தேடுங்கள். சிஸ்டம் குறி போட்ட ப்ரொசீஜராக இருந்தால் இஸ்_எம்எஸ்_ஷிப்ட் முன்பு இருந்த மதிப்பிலேயே இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மறுநாள் முதல் பில்லைக் கையால் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். பிசகினால் 7-ஆம் படியில் சேமித்த ஃபைலில் 'க்ரியேட்' என்று இருந்தால் 'ஆல்டர்' ஆக்கி ஓட்டுங்கள். அரை நிமிஷத்தில் பழைய நிலை. டேட்டாபேஸையே ரீஸ்டோர் செய்யப் போகாதீர்கள், அதற்குள் போட்ட பில்களெல்லாம் அழிந்துபோகும்.

11. விட்டுப்போகும் மற்ற பிரதிகள்

தேவகோட்டைக் கிளையில் தனி சர்வர் இருந்தால் அங்கேயும் இதே ஃபைலை ஏற்ற வேண்டும். அதற்கு முன் அங்குள்ள மூலத்தை எடுத்து இங்குள்ள பழைய மூலத்தோடு ஒப்பிடுங்கள். கிளைக்கென்று யாராவது எப்போதோ ஒரு வரி சேர்த்திருப்பார்கள். பார்க்காமல் ஏற்றினால் அது காணாமல் போகும்.

வருஷத்துக்கு ஒரு டேட்டாபேஸ் உருவாக்கும் சாஃப்ட்வேர் என்றால், புது வருஷத்தது எதிலிருந்து வருகிறது என்பதை இப்போதே கண்டுபிடியுங்கள். சாஃப்ட்வேர் ஃபோல்டரில் உள்ள வெற்று பேக்கப் ஃபைலாக இருக்கலாம், எஸ்க்யூஎல் ஸ்கிரிப்டாக இருக்கலாம், சர்வரின் 'மாடல்' டேட்டாபேஸாகவும் இருக்கலாம். அந்த மூலப் பிரதியிலும் திருத்தத்தையும் விகித டேபிளையும் சேர்க்காவிட்டால், ஏப்ரல் 1 காலையில் முறுக்குப் பாக்கெட் மறுபடி 12 சதவீதத்தில் பில்லாகும். வெற்று பேக்கப் என்றால் அதை வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து, திருத்தி, அதே பெயரில் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும். பழையதைப் பெயர் மாற்றிப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.